தாண்டிக்குடி மலைக்கு ஏறிய தோணி: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள், வியாழன்: கொடைக்கானல்

தூத்துக்குடியிலிருந்து அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டோம். குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டியின் தொட்டி 7 அடிக்குச் சற்றே கூடுதல். என் தோணியோ 11 அடி. ஆகவே அதன் முன்முனையான அணியத்தை ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இரும்புச் சட்டத்தில் தூக்கிக் கட்டி, பின்முனையான அமரத்தைப் பின்கதவுக்கு வெளியே நீட்டி, அதன் நுனியில் சிவப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். தோணிக்குள் எட்டு ஈரச் சாக்குகள் பரப்பியிருந்தன. மலையேறும் வரை அவை காயாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு நானே விதித்துக்கொண்ட முதல் வேலை.

தோணியின் பெயர் உள்ளான். என் தந்தை ஓடாவி, அதாவது மரக்கலம் கட்டும் தச்சர். அவர் உளியைக் கீழே வைத்த ஆண்டில், பட்டறையில் மிஞ்சிய அயினிப் பலகைகளைக் கொண்டு, பூவரசங்கொம்பில் வங்கு என்ற விலாச்சட்டம் வைத்து, செப்பாணி அடித்து இதை எனக்காகக் கட்டினார். இரண்டு ஆண்டுகளாக அது கொட்டகையிலேயே கிடந்தது. காய்ந்த பலகை குறுக்குவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. அதனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே மூட்டு பிரிந்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. நீரில் ஊறினால் பலகை விரிந்து மூட்டு தானே அடைபடும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால்தான், ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புக்கு வியாழக்கிழமையே கிளம்பினோம்.

சந்திப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மரப்படகு வைத்திருப்பவர்களும் கட்டுபவர்களுமாகச் சிலர் மூன்று ஆண்டுகளாகத் தொலைபேசியிலேயே பேசிப் பழகியிருந்தோமே தவிர, ஒருவர் படகை மற்றவர் தொட்டுப் பார்த்ததில்லை. கட்டணம், பரிசு, போட்டி, மேடை, பதாகை எதுவும் வேண்டாம், படகோடு வந்து ஒரு பகல் இருந்துவிட்டுப் போகலாம் என்பதே ஏற்பாடு. கல்லூரிக் காலத்திலிருந்து எனக்கு அக்காவாக இருப்பவர் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். அங்கே மழைநீர் தேங்கும் பெரிய குளம் ஒன்று உண்டு. "குளம் சும்மாத்தானே கிடக்கு, எல்லாரையும் கூட்டிட்டு வா" என்று அவர் சொன்ன ஒரே வரிதான் எங்களுக்கு அழைப்பிதழும் அனுமதிச் சீட்டும்.

வத்தலக்குண்டைத் தாண்டி மலைச்சாலை தொடங்கியதும், தோணியின் வால் பெரும் தொல்லையாகிவிட்டது. கொண்டை ஊசி வளைவில் வண்டி இடப்புறம் திரும்பினால் அமரம் வலப்புறம் வீசும். எதிரே பேருந்து வந்தால் மூச்சு நின்றுவிடும். ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் என் தம்பி இறங்கி ஓடிப் போய்க் கை காட்டினான். பத்தாவது வளைவுக்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். சாக்கிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே வந்ததைப் பார்த்துச் சோதனைச்சாவடியில் ஒருவர், மீனா என்று கேட்டார். தோணி என்றோம். எழுந்து வந்து பார்த்த பிறகுதான் நம்பினார். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் இருப்பதால், வண்டி எண்ணை முன்பே பதிந்து வைத்திருந்தோம். தோணிக்கு என்று தனியாக யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே நிறுத்தி இரண்டு வாளி நீர் மொண்டு சாக்குகளை நனைத்தோம். கொடைக்கானல் ஏரியில் நிறைந்து வழியும் நீர்தான் 180 அடி உயரத்திலிருந்து அங்கே விழுகிறது. ஏரியைப் பார்க்கும் முன்பே ஏரித் தண்ணீர் எங்கள் தோணிக்குள் வந்துவிட்டது.

மாலையில் ஏரிக்கரையில் நடந்தோம். மதுரை கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச், 1863இல் சதுப்பாகக் கிடந்த பள்ளத்துக்கு அணை கட்டி இந்த ஏரியை உருவாக்கினார். முதல் படகுகளை அவர் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்ததாகச் சொல்வார்கள். சாலையே இல்லாத அந்தக் காலத்தில் அவற்றை எத்தனை தோள்கள் சுமந்து ஏறினவோ. இதைச் சொன்னதும் தம்பி, "அப்ப நாம ரெண்டாவதாத்தான் வர்றோமா, அக்கா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டான்.

இரண்டாம் நாள், வெள்ளி: கொடைக்கானல் முதல் தாண்டிக்குடி வரை

காலை 6 மணிக்கு ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. சுமார் 60 ஏக்கர் பரப்பும் 5 கிலோமீட்டர் சுற்றளவும் கொண்ட, விண்மீன் போலக் கைகள் நீட்டிய ஏரி, கரையோரத்துப் பத்தடியாகச் சுருங்கிக் கிடந்தது. 1890இல் தொடங்கிய இங்கத்திய படகுக் குழாம் 1932இல்தான் சுற்றுலாப் பயணிகளுக்கும் திறந்துவிடப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டே நடந்தேன். இன்று கரையில் கட்டிக்கிடப்பவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் மிதிபடகுகள். ஆனாலும் தண்டு எனும் நீள்துடுப்பு வலிக்கும் படகுகள் இன்னும் இருக்கின்றன.

சந்திப்பை இங்கேயே வைத்திருக்கலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நேரில் பார்த்தபோது அவர்களுக்கான பதில் தெளிவாகிவிட்டது. இங்கே குறைவில்லாமல் இருப்பது நீர், இல்லாதது கரை. படகை இறக்கும் இடங்கள் எல்லாம் படகு விடுபவர்களின் பிழைப்பு நடக்கும் இடங்கள். விடுமுறை நாளில் ஆறு அந்நியப் படகுகளைக் கொண்டுவந்து அங்கே நிறுத்துவது, கல்யாண வீட்டுப் பந்தியில் சொந்த இலையோடு போய் உட்காருவதைப் போன்றது.

படகு பழுது பார்க்கும் முதியவர் ஒருவர், கவிழ்த்துப் போட்ட படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் ஓடாவி மகள் என்று சொன்னதும் முக்காலியைத் தள்ளிக் கொடுத்தார். அவர் காட்டியது ஒரு பலகையின் உட்புறம். ஏரி நீரில் எப்போதும் மூழ்கிக் கிடந்த அடிப்பகுதி கல் போல இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, மழை நீர் தேங்கும் மூலையில், விரலால் அழுத்தினாலே மரம் ரொட்டி போல் உள்ளே போனது. "ஏரித் தண்ணி மரத்தை ஒண்ணும் பண்ணாதும்மா. மேல இருந்து விழற தண்ணிதான் தின்னுடும்" என்றார். முழுக்க நீருக்குள் இருக்கும் மரத்துக்குக் காற்று கிடைக்காது, ஆகவே பூஞ்சை வளராது. நனைந்தும் காற்றாடியும் இருக்கும் மரத்தில்தான் அது குடியேறும். கடலில் இந்தச் சிக்கல் குறைவு. உப்பு பூஞ்சையை அண்டவிடாது என்பதால், மரக்கலம் கட்டியவர்கள் வங்குகளுக்கு நடுவே உப்பைக் கொட்டி வைத்த வழக்கமும் உண்டு. கடலுக்கு வேறு எதிரி: மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு. அது மலை ஏறி வராது. படகைத் தார்ப்பாயால் மூடினாலும் இரண்டு முனைகளையும் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே வேர்த்து அழுகிவிடும் என்பது விடைபெறும்போது அவர் சொன்ன அறிவுரை.

பெருமாள்மலை இறங்கி, ஊத்து என்ற இடத்தில் பிரிந்து, பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடிக்கு வந்தோம். சாலையின் இருபுறமும் சில்வர் ஓக், அதைச் சுற்றி மிளகுக் கொடி, அதன் நிழலில் காப்பி. குளிர் கொடைக்கானலின் பாதிகூட இல்லை.

குளத்தை முதலில் பார்த்தபோது மகிழ்ச்சியும், அதன் கரையைப் பார்த்தபோது கலக்கமும் வந்தன. நீர்ப்பரப்பு மூன்று ஏக்கருக்குக் குறையாது. அசைவற்றுக் கறுத்துக் கிடந்தது. ஆனால் சரிவான ஒரே பக்கத்தில் குளம்புகள் மிதித்து மிதித்து முழங்கால் ஆழச் சேறு. மற்ற மூன்று பக்கமும் செங்குத்தான மண்சுவர். குளத்தைப் பற்றி அக்காவிடம் ஆழம், அகலம், பாறை, மரக்கட்டை என்று பதினைந்து கேள்விகள் கேட்டிருந்தேன். கரையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தோணியை மர நிழலில் இறக்கி வைத்து, உள்ளே இருபது குடம் நீர் ஊற்றினோம். ஊற்றிய வேகத்திலேயே மூன்றாவது மூட்டு வழியாக வெளியே வந்தது.

மூன்றாம் நாள், சனி: கரை

விடிந்ததும் முதலில் தோணியைத்தான் போய்ப் பார்த்தேன். மூன்றாவது மூட்டு இன்னும் ஒழுகியது. ஆனால் நேற்று கோடாக ஓடியது இன்று துளித்துளியாக விழுந்தது. ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் நடுவே ஏழு வரை எண்ண முடிந்தது. மூட்டின் ஓரத்தில், நீர் புகாதிருக்க அடைத்த பழைய கலப்பத்துப் பஞ்சு, நீர் குடித்து, சாம்பல் நிறத்தில் மெல்லப் புடைத்துக்கொண்டிருந்தது.

தம்பிக்குப் பொறுமை இல்லை. கடையில் சிலிக்கான் குழாய் வாங்கி வந்துவிட்டான். அவனோடு அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. காய்ந்த மூட்டில் கெட்டியாக எதையாவது அடைத்துவிட்டால், பிறகு பலகை விரியும்போது அதற்குப் போக இடம் இருக்காது. விரிந்த பலகை அடைத்ததைத் தள்ளும், முடியாவிட்டால் ஆணியைத் தள்ளும், அதுவும் முடியாவிட்டால் வங்கையே முறித்துவிடும். இதைத் தந்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அப்படி அடைத்த படகைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, தந்தை எதுவும் பேசாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்ததுதான் நினைவிருக்கிறது.

அதன் பிறகு கரை வேலை. தோட்டத்தில் குலை வெட்டிய மலைவாழை மரங்கள் சாய்ந்து கிடந்தன. அந்தத் தண்டுகளை நான்கடித் துண்டுகளாக வெட்டிச் சேற்றின் மேல் ஏணிப்படி போல அடுக்கினோம். கடற்கரையில் வள்ளத்தைத் தள்ளுவதற்கு உருளைக்கட்டை போடுவார்கள். இங்கே வாழைத்தண்டு உருள வேண்டிய தேவையே இல்லை, பட்டையில் ஊறும் நீரே போதும், எந்தப் பாரமும் வழுக்கிக்கொண்டு போகும். நாற்பது துண்டுகள், ஐந்து பேர், பகல் முழுவதும். மாலையில் என் கை முழுக்க வாழைக்கறை.

ஒரே ஒரு விதியை மட்டும் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னோம்: படகை மலையேற்றும் முன்பே நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவர வேண்டும். கீழே உள்ள ஆறுகளிலும் கண்மாய்களிலும் ஆகாயத்தாமரை இருக்கிறது. அதன் ஒரு துண்டு படகில் ஒட்டிக்கொண்டு வந்தாலும், தோட்டத்து மக்கள் பயன்படுத்தும் இந்தக் குளம் சில பருவங்களில் பச்சைத் தரையாகிவிடும். உயிர்காப்பு உடை இல்லாதவர் நீரில் இறங்கக் கூடாது என்பதை விதி என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆளுக்கொன்று எடுத்து வைத்திருந்தேன்.

மாலை 5 மணிக்கு, குளிக்கலாம் என்று நினைத்தபோது, காவல்காரர் என் தோளைத் தொட்டுப் பின்னால் இழுத்தார். எதிர்க்கரைக் காப்பிச்செடிகளுக்கு நடுவிலிருந்து ஏழு காட்டுமாடுகள் இறங்கி வந்தன. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள். நாங்கள் அடுக்கிய வாழைத்தண்டுப் படியில் முதல் மாடு மூக்கை வைத்து முகர்ந்தது. பிறகு ஒரு தண்டைக் கவ்வி நிதானமாகத் தின்னத் தொடங்கியது. அது தின்று முடிக்கும் வரை நாங்கள் இருபது நிமிடம் காப்பிச்செடி மறைவில் குந்தியிருந்தோம். "இது அதுங்க வழிம்மா. நாமதான் நடுவுல படி கட்டிட்டோம்" என்றார் காவல்காரர். நாளை 4 மணிக்குள் எல்லாப் படகும் நீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

இரவு கோயம்புத்தூர்த் தம்பி தன் ஒட்டுப்பலகை (பிளைவுட்) படகோடு வந்து சேர்ந்தார். நள்ளிரவில் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கட்டுமரம் வந்தது. பரிசல் கொண்டுவருவதாக இருந்தவர் வண்டி கிடைக்கவில்லை, வரமாட்டேன் என்று தகவல் அனுப்பினார்.

நான்காம் நாள், ஞாயிறு: ஆறு படகுகள்

வரமாட்டேன் என்ற பரிசல் காலை 7 மணிக்கு ஜீப்பின் கூரையில் குடை போல உட்கார்ந்து வந்துவிட்டது. கம்பம் ஊரிலிருந்து ஆஞ்சிலி மரத்தில் குடைந்த ஒற்றைமரத் தோணி. திண்டுக்கல் ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த, தட்டையான அடி உள்ள சிறிய துடுப்புப் படகு. என் உள்ளானோடு சேர்த்து ஆறு. ஆட்கள் பத்தொன்பது பேர், கூடவே ஒரு நாய்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் நீரில் இறங்கவில்லை. எல்லோரும் கவிழ்த்து வைத்த படகுகளுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர்த் தம்பியின் படகைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். ஒட்டுப்பலகையை வடிவாக வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டில் எபாக்சிப் பசை பூசி, கண்ணாடியிழை நாடா ஒட்டி, பிறகு கம்பியை அறுத்து உருவிவிடுகிறார். வங்கே இல்லை. அடியில் நீளவாட்டில் ஓடும் ஏரா என்ற அடிக்கட்டையும் இல்லை. ஆனாலும் ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கலாம். "ஏனுங்க அக்கா, இதை மரப்படகுன்னு ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார். நம் கிழக்குக் கரையில் ஓடிய மசூலாப் படகுகள் ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுக்கும் என்பதற்காகவே அப்படித் தைத்தார்கள். தையல் நமக்குப் புதிதல்ல, தம்பி கயிற்றைக் கம்பியாக மாற்றியிருக்கிறார் என்றேன். பரிசல் மரப்படகா என்ற கேள்விக்குத்தான் பாதிப் பேர் இல்லை என்றார்கள். பரிசல் பின்னும் மூங்கில் புல்வகை, அதை மரத்தில் சேர்க்க முடியாது என்று ஆசிரியர் வாதாடினார். பரிசல்காரர் சிரித்துக்கொண்டே வெற்றிலை போட்டார்.

ராமநாதபுரத்து அண்ணன்தான் வருத்தமாக இருந்தார். இரவு பெய்த சாரலில் அவருடைய கட்டுமரம் நனைந்துவிட்டது. கட்டுமரத்தின் கட்டைகள் இலேசான மரம். நீரை உறிஞ்ச உறிஞ்சக் கனக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறை கரையேறியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்து வெயிலில் போடுகிறார்கள். ஆக, ஒரே கரையில் என் தோணி நனைந்திருக்க வேண்டும், அவருடைய கட்டுமரம் காய்ந்திருக்க வேண்டும். நான் மூன்று நாள் சாக்கு நனைத்தேன். அவருக்காக ஒரு தார்ப்பாய் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. ஏற்பாடு செய்தவளாக எனக்கு இதில் வெட்கம்தான். இதோடு நன்னீரின் கணக்கும் சேர்ந்துகொண்டது: ஆளும் படகுமாக 200 கிலோ என்றால் கடலில் 195 லிட்டர் நீரை விலக்கினால் மிதக்கலாம், குளத்தில் 200 லிட்டரை விலக்க வேண்டும். வேறுபாடு சிறிதுதான்; ஆனால் நீர்மட்டத்தோடு நீர்மட்டமாக மிதக்கும் கட்டுமரத்தில் அந்த ஐந்து லிட்டர் நேராக வேட்டியை நனைக்கும். அண்ணன் நனைந்தபடியே மூன்று முறை குளத்தைச் சுற்றி வந்தார்.

வாழைத்தண்டுப் படியில் உள்ளானை விட்டோம். ஒரே தள்ளு. சத்தமே இல்லாமல் போய் நீரில் உட்கார்ந்தது. நான் ஏறி, உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே அடிப்பலகையைப் பார்த்தேன். மூன்றாவது மூட்டில் வேர்வை போல ஒரு கோடு துளிர்த்தது. அரை மணி நேரத்தில் தேங்கியது ஒரு டம்ளர் நீர். சிரட்டையால் மொண்டு வெளியே ஊற்றினேன்.

பதினொரு மணிக்குக் காற்று எழுந்தது. வெயில் ஏறச் சரிவு சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே ஏறும் நேரம் அது. குளத்தின் நடுவில் இருந்த எனக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல் இருந்தது. எதிர்த்து வலித்தபோது இடப்பக்கத் தண்டு மாட்டும் கயிற்று வளையம் அறுந்தது. மூன்று நாள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அந்தப் பழைய கயிற்றை ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. தோணி ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பிச் செங்குத்துக் கரையை நோக்கிப் போனது. கரையில் இருந்தவர்கள் முதலில் கை தட்டினார்கள், நான் வேடிக்கை காட்டுவதாக நினைத்துக்கொண்டு. அப்போது வந்தது பரிசல். ஒற்றைத் துடுப்பை எட்டு போட்டு வலித்து, சுற்றாமல், நேர்கோட்டில் வந்து, என் அணியக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றங்கரையில் விட்டார் பரிசல்காரர். படியேறியதும் ஆசிரியரைப் பார்த்து, "புல்லுதாங்க சார் இழுத்துட்டு வந்துச்சு" என்றார்.

மதியம் இலையில் சாப்பாடு. பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் பதினோரு பேரையும் முறை வைத்து எல்லாப் படகிலும் ஏற்றினோம். அவர்களில் பாதிக்கு மேல் பரிசலையே மறுபடி கேட்டார்கள். 4 மணிக்குக் கடைசிப் படகு மேலே வந்தது. 5 மணிக்குக் காட்டுமாடுகள் இறங்கின. பத்தொன்பது பேரும் களத்து மேட்டில் கடுங்காப்பியோடு சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்த்தோம். மீதியிருந்த வாழைத்தண்டுகளும் தீர்ந்தன.

ஐந்தாம் நாள், திங்கள்

எல்லோரும் விடியலிலேயே போய்விட்டார்கள். உள்ளானை அடுத்த ஆண்டு வரை இங்கேயே விட்டுவிடலாம் என்று அக்கா சொன்னார். ஏரிக்கரை முதியவர் சொன்னது நினைவில் இருந்ததால், மழைக்காலத்துக்கு முன்னேற்பாடாக, பண்ணைக்காட்டுக் கடையில் இரண்டு மூட்டை கல்லுப்பு வாங்கி வந்தேன்; சாக்கின் மேல் தூத்துக்குடி என்று அச்சிட்டிருந்தது. மரத்தடியில் தோணியைக் கவிழ்க்காமல் வைத்து, வங்குகளின் இடுக்கில் உப்பைக் கொட்டப் போனபோது காவல்காரர் தடுத்தார்.

"உப்பு வாசம் பட்டா காட்டுமாடு ராத்திரியே வந்து நக்கும்மா. நக்கினா பரவாயில்லே, உள்ளே கால் வைக்கும்."

உப்பு மூட்டைகள் சமையலறைக்குப் போயின. தோணியை நான்கு பேர் தூக்கிக் காப்பிக் கிடங்கின் உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, தார்ப்பாய் போட்டு, அணியத்தையும் அமரத்தையும் திறந்து வைத்தோம். அங்கே அது மறுபடியும் காயும், மூன்றாவது மூட்டு மறுபடியும் பிரியும். அடுத்த முறை நான் புதன்கிழமையே வந்துவிட வேண்டும். தண்டுக்குப் புதுக் கயிறும், கட்டுமரத்துக்கு ஒரு தார்ப்பாயும் கொண்டுவர வேண்டும்.